எண்ணூற்று இரண்டாவது பயன்

கைப்பணிகளை உத்தாரணம் செய்யவென்றே அவதரித்திருக்கும் மகா கனம் பொருந்திய அதிகாரபீடத்தாரின் சமுகத்திற்கு, மன்னார்த் தீவில் பனையோலை இழைக்கும் பெண்களுக்காகக் கடிதம் எழுதிக் கொடுக்கும் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவன் பணிவுடன் சமர்ப்பிக்கும் விஞ்ஞாபனம்.

கனவான்களே, சீமாட்டிகளே,

தங்கள் ஸ்தாபனத்தின் திருநாமத்தை இக்கடிதத்தில் ஓரிடத்திலேனும் நான் எழுதப் போவதில்லை. அதற்குக் காரணம் அச்சமன்று. தங்களுக்கே உரியனவென்று தாங்கள் எண்ணியிருக்கும் குணவிசேஷங்கள் இந்நாட்டுக் கந்தோர்கள் பலவற்றுக்கும் பொதுவாயிருப்பதனால், ஒன்றை மாத்திரம் பெயர் சுட்டிப் புகழ்ந்தால் மற்றவை மனம் நோகுமே என்ற தாட்சணியந்தான்.

பனையின் பயன்கள் 801 என்று தாலவிலாசம் என்னும் தமிழ்ப் பிரபந்தம் கூறுவதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இலங்கைப் பனையைப் பற்றி எழுதிய துரைமார்கள் எழுதிவைத்துப் போனார்கள். அவர்களுள் வில்லியம் பேர்குசன் என்பவர் 1850 ஆம் ஆண்டிலே பனைக்கென்றே தனியாக ஒரு நூல் செய்து கொழும்பில் அச்சிட்டவர். அன்று தொட்டு இன்று வரையில் பனையைப் பற்றிப் பேச எழுந்து ஒலிவாங்கியைத் தட்டிப் பார்க்கும் எவரும், தங்கள் விழாக்களுக்கு எழுந்தருளும் பிரதம அதிதிகள் உட்பட, அந்த எண்ணூற்றொன்றைச் சொல்லாமல் அமர்ந்ததில்லை. அதனோடு ஒன்றைக் கூட்டியவரும் இல்லை. அந்தக் குறை சென்ற மாதம் எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் நீங்கியது. கைதேர்ந்த கலைஞரைக் கற்றுக்குட்டியாக்குதல் என்னும் எண்ணூற்று இரண்டாவது பயனைத் தாங்கள் கண்டருளினீர்கள்.

நடந்தது தங்கள் அறிக்கையில் வேறு விதமாகப் பதிவாகியிருக்கக் கூடுமாதலால், எங்கள் பக்கத்தையும் சுருக்கமாக விண்ணப்பித்துக்கொள்கிறேன். நவீன வடிவமைப்பிலே மூன்று நாட் பயிற்சிப் பட்டறை. தலைநகரிலிருந்து வளவாளர் ஒருவர். ஓலையைத் தாங்களே கொண்டுவருமாறு பெண்களுக்கு அறிவித்தல். வளவாளராக வந்த தம்பி நல்ல குணமுள்ள பிள்ளை. அவர்மேல் எங்களுக்கு யாதொரு வருத்தமும் இல்லை. அவருக்குக் கணினித் திரையிலே பெட்டிகளைச் சுழற்றிக் காட்டத் தெரிந்திருந்தது. ஓலையிலே பெட்டி இழைக்கத்தான் தெரிந்திருக்கவில்லை. முதல் நாள் முற்பகலிலே, அவர் கையிலிருந்த ஓலை மொறுமொறுவென்று ஒடிவதைப் பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எழுபது வயது கடந்த எங்கள் பெரியம்மா ஒருவர் பொறுக்கமாட்டாமல் எழுந்து போய், “தம்பி, ஓலை முறுகிப் போச்சு ராசா, இரவு பனியில போட்டு எடுத்தாத்தான் வளையும்” என்று சொல்லி, மறுநாள் தாமே பதமாக்கிக் கொண்டுவந்த ஓலையில், மூலை திருப்புவது எப்படி, வாய் கட்டுவது எப்படி, மூடி அடியோடு பொருந்த வேண்டுமாயின் இழையை எந்த இடத்தில் இறுக்கி எந்த இடத்தில் இளக்கிவிடுவது என்பதையெல்லாம், அவர் விரலைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். தம்பி விரைவாகக் கற்றுக்கொண்டார்.

மூன்றாம் நாள் மாலையில் பிரதம அதிதி வந்தார். பெரியம்மா சொல்லிக் கொடுப்பதற்காக இழைத்துக் காட்டிய அந்த மூடற்பெட்டி மேடையிலே வெள்ளைத் துணி விரித்த மேசையின் நடுவே, ‘வளவாளரின் மாதிரி’ என்னும் அட்டையுடன் வீற்றிருந்தது. பயிற்சி பெற்ற எல்லோருக்கும் ‘ஆரம்பநிலைப் பயிலுநர்’ என்ற சான்றிதழ் வழங்கப்பட்டது. எல்லோருக்கும் என்று சொன்னது பிழை, பெரியம்மாவுக்கு வழங்கப்படவில்லை. இரண்டாம் நாள் பிற்பகலில் அயல்வீட்டுச் செத்தவீட்டுக்கு அவர் போய்விட்டபடியால், வரவு விகிதம் குறைந்து, ஆரம்பநிலைக்கும் அவர் தகுதி பெறாமற் போனார் என்றும், ஆயினும் கருணை கூர்ந்து ‘கலந்துகொண்டமைக்கான கடிதம்’ ஒன்று தரப்படுகிறது என்றும் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அவர் அறியாத இரண்டு பாஷைகளில் அச்சிட்டு, பளபளக்கும் பிளாஸ்ரிக் உறையிட்டு ஒட்டப்பட்ட அந்தக் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார். வாசித்துச் சொன்னேன். சற்று நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தண்ணி பட்டாலும் ஊறாது போல கிடக்கு மாஸ்ரர், கறிச்சட்டி மூட உதவும்” என்றார். ஆகவே தங்கள் கடிதத்துக்கும் ஒரு பயன் கிட்டியது. பனையின் கணக்கில் அதைச் சேர்க்கலாமோ என்பதைத் தாங்களே தீர்மானித்தருள வேண்டும்.

எண்ணூற்று மூன்றாவது பயன் நிழற்படம். பெண்கள் ஒவ்வொருவரும் சுளகை முகத்தருகே தூக்கிப் பிடித்துச் சிரிக்க வேண்டும் என்று பணிக்கப்பட்டார்கள். சுளகை அப்படித் தூக்கிப் பிடித்து எதையும் புடைக்க முடியாதென்பது நிழற்படக்காரருக்குத் தெரியாது. நான்காவது, தங்கள் வருடாந்த அறிக்கையின் அட்டை. ஐந்தாவதையும் சொல்லிவிடுகிறேன்: பிளாஸ்ரிக் பாவனையை ஒழித்தல் பற்றிய சொற்பொழிவுக்குப் பின்னணியாக இருத்தல். அந்தச் சொற்பொழிவை நிகழ்த்தியவரின் கழுத்திலே பிளாஸ்ரிக் பூமாலை கிடந்தது. கேட்டவர்களின் மடியிலே பொலித்தீன் சுற்றிய சோற்றுப் பார்சல் இருந்தது.

இந்தப் பெண்களுக்குத் தெரிந்தது இன்னதென்று தங்கள் சமுகத்தில் எடுத்துரைக்க வேண்டியது என் கடமை. பட்டறையின் நிகழ்ச்சிநிரலில் அதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. விரியாத குருத்தை எந்தப் பருவத்தில் வெட்டினால் வெண்மை நிற்கும், எத்தனை வெயில் காட்டலாம், அதற்கு மேல் காட்டினால் ஏன் வெடிக்கும், சத்தகத்தின் முனையால் ஈர்க்கை நீக்கிய பின் ஓலையை வார்வது கடகத்துக்கு எவ்வளவு அகலம், பாய்க்கு எவ்வளவு, கைக்கடக்கமான கொட்டப்பெட்டிக்கு எவ்வளவு, கொதிநீரிலே சாயம் பிடித்த இழையும் பிடியாத இழையும் எந்த எண்ணிக்கையில் மேலும் கீழும் போனால் நான்கு பக்கமும் சுற்றிவந்து சேருமிடத்தில் கோலம் குலையாமல் பொருந்தும் என்னும் இத்தனையையும், ஒரு கோடும் கீறாமல், ஓரெண்ணும் எழுதாமல், பக்கத்திலிருப்பவளோடு சம்பந்தப் பேச்சும் சண்டைப் பேச்சும் பேசிக்கொண்டே, மனத்திற்குள் கணக்கிட்டுக் கையால் முடிக்கிற வித்தை அது. பிட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டி நீராவியில் நாள்தோறும் வெந்தும் பிரியாமலிருக்க வேண்டும். மீன் கொண்டுவரும் உமல் உப்புநீரை வடியவிட்டு மீனைத் தாங்க வேண்டும். பனங்கட்டிக் குட்டான் சூட்டுக்குச் சுருங்காமலிருக்க வேண்டும். இவை வயிற்றுப்பாட்டுக்கான பாத்திரங்கள். இவற்றுக்கு அப்பால், நூலிலும் சற்றே தடித்த இழையாக வார்ந்து, மாலைக்குள் நாலு விரற்கடை உயரமும் ஏறாத நுணுக்கத்தோடு, தனக்கும் தன் பெண்மக்களின் சீதனத்துக்கும் என்றே இழைத்து, எவருக்கும் விற்காமல் வைத்திருந்து, விருந்தினர் வந்தால் மட்டும் வெளியே எடுக்கும் பெட்டிகள் சில வீடுகளில் உண்டு. தங்கள் வளவாளர்களில் ஒருவரேனும் அவற்றைக் காட்டச் சொல்லிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் காட்டியிருப்பார்கள், தேநீரும் தந்திருப்பார்கள்.

மாறாக, அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது கைத்தொலைபேசி உறை செய்வது.

இனித் தங்கள் பதிவுப் படிவத்துக்கு வருகிறேன். அது சிருஷ்டியின் அற்புதங்களில் ஒன்று. ‘பரம்பரைக் கலைஞர்’ என்னும் வகுப்பில் இடம்பெற விரும்புவோர் தந்தையின் தொழிலை எழுதி, அதற்கான சான்றை இணைக்க வேண்டும். எங்கள் பெண்களின் தகப்பன்மார் கடலுக்குப் போனவர்கள். இந்தக் கலை தாயிடமிருந்து மகளுக்கும், மாமியிடமிருந்து மருமகளுக்கும் வந்தது. படிவத்திலோ தாய்க்கு ஒரு கட்டமும் கிடையாது. ஆகவே பரம்பரை வழியாகப் பார்த்தால் இவர்கள் அனைவரும் மீனவர்களாவர். மீன்பிடிக்குப் பொறுப்பான கந்தோருக்குப் போய்க் கேட்டால், படகு எங்கேயென்று அவர்கள் வினவுவார்கள். அடுத்த கட்டம், இத்தொழிலை இடையறாது செய்து வந்தமைக்கான ஆவணங்கள்.

இடையறாது. 1990 ஆம் ஆண்டு என்று ஒரு வருஷம் இருந்தது, ஐயா. தலைமன்னாருக்கு வந்துகொண்டிருந்த ரயில் அந்த வருஷத்தோடு நின்றது. எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த முஸ்லிம் சனங்கள் அவ்வருஷம் ஒக்டோபரிலே விடுதலைப் புலிகளால் வீடு வாசலை விட்டு வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக் கொட்டில்களுக்குப் போனார்கள். தமிழ்ச் சனங்கள் இரவிலே படகேறி இராமேஸ்வரத்துக்கும் மண்டபம் முகாமுக்கும் போனார்கள். போன படகெல்லாம் கரை சேரவில்லை. பிள்ளையைத் தூக்குவதா, பெட்டகத்தைத் தூக்குவதா என்று நின்ற பெண்ணிடம், முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு வந்து, ஓலைப்பெட்டி விற்ற பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்கிற வாயை என்னவென்று சொல்வது? வெட்கம் என்று ஒரு பொருள் கந்தோர்க் களஞ்சியத்தில் கிடைக்காதா?

மன்னிக்க வேண்டும். முதுமையின் காரணமாகச் சுருதி சற்றே ஏறிவிட்டது. தங்கள் பெருந்தன்மை யாவரும் அறிந்ததே.

சட்டத்துக்கும் ஸ்தாபனத்துக்கும் இந்நாட்டில் வறுமையில்லை. 1964 இல் கைப்பணிப் பொருள்களை விற்கவென்று லக்சல பிறந்தது. 1978 இல் பனைக்கென்றே ஓர் அபிவிருத்திச் சபை பிறந்தது. கைப்பணிக்கென்று 1982 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. 1990 இல் நின்ற ரயிலும் 2015 இல் மீண்டும் தலைமன்னாருக்கு வந்து சேர்ந்தது. அதிலேறிப் பெட்டி வாங்க வரும் வியாபாரி இன்னும் வந்து சேரவில்லை. உல்லாசப் பிரயாணிகள் வருகிறார்கள். பள்ளிமுனைப் பெருக்கமரத்தைக் கட்டிப்பிடித்தும் தெருவில் திரியும் கழுதைகளோடு நின்றும் படமெடுத்துக்கொண்டு அன்றைக்கே திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கழுதைகளைப் பார்ப்பதற்குப் படிவம் நிரப்ப வேண்டியதில்லை.

ஓலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீவெல்லாம் பனையாயிருக்க ஓலைக்கு என்ன பஞ்சம் என்று தங்கள் உத்தியோகத்தர் ஒருவர் கேட்டார். பனை நிற்கிறது, ஏறுவதற்குத்தான் ஆளில்லை. குருத்து வெட்டத் தெரிந்தவர்கள் முதுமையடைந்துவிட்டார்கள், அவர்கள் பிள்ளைகள் அரபு நாடுகளில் இருக்கிறார்கள், இருக்கிற ஓரிருவருக்குக் கொடுக்கும் கூலியோ பெட்டியின் விலையில் பாதியைத் தின்றுவிடுகிறது. இழைப்பவள் பெயரில் பெரும்பாலும் ஒரு மரமும் கிடையாது. வளவுக்காரரிடம் நின்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். இதற்கெல்லாம் ஒரு பட்டறை நடத்தலாமென்று தாங்கள் யோசிப்பது இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது, தயவுசெய்து வேண்டாம். பொருத்தமான இடத்தில் மரத்தையும், ஏறுகிறவனுக்குக் கூலியையும் தந்தாற் போதும். நடுக்குடாக் கரையில் 30 காற்றாலைகள் நின்று 103.5 மெகாவாற் மின்சாரத்தை இத்தீவின் காற்றிலிருந்து எடுத்து நாட்டுக்குத் தருகின்றன. அதே காற்றை ஒரு முழ ஓலையால் உண்டாக்கித் தரும் விசிறிக்காரிக்குத் தீவிலே ஒரு பனைக்கும் உரித்தில்லை என்பதைப் பிரஸ்தாபித்து நிறுத்திக்கொள்கிறேன்.

பிற தேசத்து நடப்பைச் சொன்னால் தாங்கள் கோபிக்கமாட்டீர்கள் என்ற தைரியத்தில், யப்பானைப் பற்றியும் சொல்கிறேன். 1950 ஆம் ஆண்டில் இயற்றிய கலாசாரச் சொத்துச் சட்டத்தின்கீழ், அங்கே கைவினைஞரையும் தேசத்தின் உயிருள்ள பொக்கிஷமாகப் பிரகடனம் செய்கிறார்கள். 1967 இல் மூங்கில் முடைந்து கூடை செய்யும் ஷோனோ ஷோஉன்சாய் என்பவருக்கு அந்த மரியாதை கிடைத்தது. கூடை முடைபவருக்கு! அவருடைய வரவு விகிதம் எவ்வளவென்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. யப்பான் தூரமென்றால், வளைகுடாவின் அக்கரையிலே, பிரான்சிஸ் சவேரியார் கால் பதித்த மணப்பாட்டைப் பாருங்கள். அந்த ஊர்ப் பெண்களின் ஓலைப் பெட்டிகளுக்குப் பேரும் உண்டு, வாங்குவாரும் உண்டு. அவர்கள் ஓலையும் எங்கள் ஓலையும் ஒரே சாதி மரத்தில் முளைத்தவை; வேதமும் ஒன்றே. கந்தோர்தான் வேறு.

நாங்கள் கேட்பது பொக்கிஷப் பட்டமன்று. வாங்குங்கள் என்றுதான் கேட்கிறோம். தங்கள் கந்தோரிலே மேசைக்கொன்றாக இருக்கும் குப்பைக்கூடையை எண்ணிப் பாருங்கள்: நீலமும் சிவப்புமாகக் கடல் தாண்டி வந்த பிளாஸ்ரிக். அந்த மேசைகளுக்குக் கீழே ஒவ்வொரு கடகத்தை வைத்தால் இந்த ஊரில் எத்தனை அடுப்பு எரியும் என்று தங்கள் கணக்காளர் தாளெடுக்காமலே சொல்லிவிடுவார். அப்படி வாங்குவதற்கு மூன்று விலைக்கோரல்கள் வேண்டும், வியாபாரப் பெயர்ப் பதிவு வேண்டும், எல்லாக் கூடைகளும் ஒரே அளவாயிருக்க வேண்டும் என்று விதியிருப்பதாக ஏலவே எனக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. மூன்று பெண்களிடம் விலை கேட்டால் மூவரும் ஒரே விலை சொல்வார்கள், ஏனெனில் மூவரும் ஒரே திண்ணையில் இருந்து இழைக்கிறார்கள். அதை ஒப்பந்தச் சூழ்ச்சி என்று விசாரணைக்கு எடுத்துவிட வேண்டாமென்று முன்கூட்டியே மன்றாடுகிறேன். ஒரே அளவென்ற நிபந்தனையைப் பற்றிப் பெரியம்மாவிடம் கேட்டேன். இரண்டு கடகத்தை ஒன்றுக்குள் ஒன்று அடுக்க வேண்டுமானால் ஒன்று மற்றதிலும் சிறிதாயிருக்க வேண்டும், இதுகூட அவர்களுக்குத் தெரியாதா என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். எண்ணூற்று ஆறாவது பயன் என்று இதைக் குறித்துக்கொள்ளலாம்: அதிகாரபீடத்துக்குப் புத்தி சொல்லுதல். பழைய ஹாஸ்யத்தை மறுபடியும் மறுபடியும் சொல்கிறேன் என்று தாங்கள் சலித்துக்கொள்வது நியாயமே. ஒவ்வோர் ஆண்டும் ஒரே பட்டறையைப் புதிய பதாகையின்கீழ் நடத்துகிறவர்களிடமிருந்து கற்றுக்கொண்ட பழக்கம் அது.

பெயரைப் பற்றியும் ஒரு விண்ணப்பம் உண்டு. இனிமேல் எங்கள் பெண்களின் பெட்டியைத் தாங்கள் எங்கேனும் வைத்தால், அதை இழைத்தவளின் பெயரை அந்த அட்டையில் எழுதுங்கள். ஊரை எழுதுங்கள். தமிழிலும் எழுதுங்கள். வேறொருவர் பெயரை எழுதுவதைச் சாதாரண சனங்கள் களவென்று சொல்வார்கள். நான் படித்தவனாகையால் நிர்வாகத் தவறு என்று சொல்கிறேன்.

கண்காட்சிக்கென்று தலைநகருக்கு எடுத்துச் செல்லப்பட்ட பொருள்கள் இதுவரை திரும்பி வரவில்லை, விலையும் வரவில்லை. அவை தங்கள் மேலதிகாரிகளின் வரவேற்பறைகளில் நல்ல நிலையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு மகிழ்ச்சியடைகிறோம். உரியவர்கள் உபயோகிப்பதிலும் பார்க்கப் பொருத்தமான இடத்துக்கே அவை போயிருக்கின்றன. விலைச்சீட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். இழைத்தவர்கள் சொன்ன விலையையே எழுதினேன். பிறகு, நான் அறிந்த சிறு கணக்கைக்கொண்டு, அவர்கள் தங்கள் உழைப்புக்குப் போட மறந்த கூலியையும் சேர்த்துக்கொண்டேன். அவர்கள் என்னோடு சண்டைக்கு வந்தார்கள். இவ்வளவு கேட்டால் இனி ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்றார்கள். இப்போது மட்டும் யார் வாங்குகிறார்கள் என்றேன். அதற்கு அவர்களிடம் பதிலில்லை.

அடுத்த பயிற்சிப் பட்டறைக்குத் திகதி குறிக்கும் தங்கள் உத்தியோகத்தருக்கு ஒரு குறிப்பு: குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய வாரத்தைத் தயவுசெய்து தவிர்த்துக்கொள்ள வேண்டும். அந்த வாரம் கோயிலுக்கென்று ஓலைச் சிலுவை செய்யப் பழகும் சிறுபிள்ளைகள் மண்டபத்தை நிறைத்துவிடுவார்கள். பயிற்றுகிறவர்களும் தங்கள் ஆரம்பநிலைப் பயிலுநர்களே. மற்ற எந்த வாரத்திலும் வளவாளரை அனுப்பலாம். ஓலையை நாங்கள் கொண்டுவருகிறோம். பயிற்சிக் கட்டணம் ஒரு நாளைக்கு இவ்வளவென்று விலைச்சீட்டின் கடைசி வரியில் இருக்கிறது. வரவு முழுமையாயிருந்தால் அவருக்கு ஒரு சான்றிதழும் தருவோம்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
ஓலை இழைப்போரின் எழுத்தாளன்,
மன்னார்த் தீவு.